கல்லீரலுக்கு ஆகிற சாப்பாடு முகத்துக்கும் ஆகும்

கன்னத்தில் பரு வந்தால் ‘ஈரல்ல சூடு’, நெற்றியில் மங்கு விழுந்தால் ‘பித்தம் ஏறிப்போச்சு’, உடம்பில் அரிப்பெடுத்தால் ‘ரத்தம் கெட்டுப்போச்சு’. இப்படிச் சொல்ல எல்லா வீட்டிலும் ஒரு பெரியவர் உண்டு. கூடவே வைத்தியமும் வரும்: காலையில் வெறும் வயிற்றில் இதை அரைத்துக் குடி, ஈரல் சுத்தமாகும், முகம் தெளியும். அதே பேச்சு இன்றைக்கு ‘லிவர் டீடாக்ஸ்’ என்ற பெயரில் பாட்டிலில் அடைத்து விற்கப்படுகிறது. பெரியவர் சொன்னதாவது இலவசம்.

கல்லீரலுக்கும் சருமத்துக்கும் தொடர்பு இருக்கத்தான் செய்கிறது. இவர்கள் சொல்லும் வழியில் இல்லை, வேறு வழியில். அது எந்த வழி என்று தெரிந்துகொண்டால் எந்தக் கஷாயத்தில் காசைப் போட வேண்டாம், சமையலறையில் எதை மாற்ற வேண்டும் என்பது தெளிவாகிவிடும். இந்த அத்தியாயம் அதற்குத்தான்.

அழுக்கு முகம் வழியாக வெளியேறுவதில்லை

வலது பக்க விலா எலும்புகளுக்கு அடியில், ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையில் இருக்கிறது கல்லீரல். நாம் சாப்பிட்டதைக் குடல் உறிஞ்சியதும், அதைச் சுமக்கும் ரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை. முதலில் கல்லீரலுக்கு வருகிறது. சர்க்கரையைச் சேமிப்பது, கொழுப்பைப் பிரித்து அனுப்புவது, ரத்தம் உறைவதற்கான புரதங்களைச் செய்வது, மருந்தையும் மதுவையும் உடைப்பது எல்லாம் அங்கேதான். உடம்புக்கு வேண்டாததை நீரில் கரையும்படி மாற்றிச் சிறுநீரகத்துக்குத் தள்ளும். அல்லது பித்தநீரில் கலந்து மலத்தோடு அனுப்பும். வெளியேறும் வாசல்கள் இந்த இரண்டுதான். ‘ஈரல் சுத்தம் பண்ண முடியாத நச்சு தோல் வழியாகப் பருவாக வருகிறது’ என்பதற்கு உடற்கூறில் இடமே கிடையாது. வியர்வையில் வருவது பெரும்பாலும் தண்ணீரும் உப்பும்.

பரு வேறு இடத்தில் உருவாகிறது. முகம், முதுகு, மார்பில் மயிர்க்கால்களை ஒட்டி எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. ஆண்மை ஹார்மோன்கள் (பெண்கள் உடம்பிலும் இவை சிறிதளவு உண்டு) தூண்டும்போது இவை அதிகமாகச் சுரக்கும். துளையின் வாய் இறந்த செல்களால் அடைபடும். உள்ளே தேங்கிய எண்ணெயில் கிருமி பெருகும், வீங்கும், சீழ் கட்டும்.

கல்லீரல் இந்தக் கதைக்குள் நுழைவது ஹார்மோன் வழியாக. ஆண்மை ஹார்மோனைப் பிடித்து அடக்கி வைத்திருக்கும் ஒரு புரதம் ரத்தத்தில் ஓடுகிறது. அதைச் செய்வது கல்லீரல். இன்சுலின் எந்நேரமும் உயர்ந்தே இருந்தால், கல்லீரல் அந்தப் புரதத்தைச் செய்வது குறைகிறது. கட்டுப்பாடு தளர்ந்த ஹார்மோன் எண்ணெய்ச் சுரப்பியை முடுக்கிவிடுகிறது. இன்சுலினைப் போன்ற இன்னொரு வளர்ச்சிப் பொருளும் (ஐ.ஜி.எஃப்.-1 என்பார்கள்) பெரும்பகுதி கல்லீரலில்தான் உருவாகிறது. அதுவும் அதே சுரப்பியைத்தான் தூண்டுகிறது. இன்சுலின் ஏன் உயர்ந்தே இருக்கிறது? மாவும் சர்க்கரையும் நாள் முழுக்க உள்ளே போவதால். வயிற்றில் கொழுப்பு சேர்வதால். உடம்பு அசையாமல் இருப்பதால். கல்லீரலில் கொழுப்பு படிவதற்கும் முக்கியக் காரணங்கள் இதே மூன்றுதான்.

அதாவது கல்லீரல் கெட்டு அதனால் முகம் கெடுவதைவிட, ஒரே சாப்பாடு இரண்டையும் சேர்த்துக் கெடுக்கிறது என்பதே சரி. சினைப்பை நீர்க்கட்டி (பி.சி.ஓ.எஸ்.) உள்ள பெண்களிடம் தாடைப்பரு, மேலுதட்டு முடி, ஒழுங்கற்ற மாதவிலக்கு, கொழுப்புக் கல்லீரல் எல்லாம் கூட்டாக வருவதற்கு இதுவே காரணம்.

கழுத்தின் பின்புறத்தையும் அக்குளையும் கண்ணாடியில் பாருங்கள். தோல் தடித்து, வெல்வெட் போலக் கறுத்திருந்தால் அது அழுக்கில்லை. பீர்க்கங்கூடு தேய்ந்துபோகும்வரை தேய்த்தாலும் போகாது. இன்சுலின் அதிகமாகச் சுற்றுவதன் அடையாளம் அது. எந்தக் க்ரீமும் வாங்குவதற்கு முன் சர்க்கரைப் பரிசோதனையும், ஈரல் பரிசோதனையும், வயிற்று ஸ்கேனும் செய்துகொள்ள வேண்டியவர்கள் இவர்கள்.

மங்கு வேறு விஷயம். வெயில், கர்ப்பம், கருத்தடை மாத்திரை, பரம்பரை ஆகியவை அதற்குக் காரணங்கள். கண்ணுக்குக் கீழே விழும் கருவளையமும் வேறு விஷயம்தான். இவற்றுக்கு ஈரல் கஷாயம் குடித்துப் பயனில்லை. மங்குக்கு வெயிலில் குடையும் சன்ஸ்கிரீனும் உதவும்.

தட்டில் என்ன மாற வேண்டும்

மாவைக் குறைத்தால் பரு குறையுமா என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 15 முதல் 25 வயதுக்கு உட்பட்ட 43 இளைஞர்களை வைத்துச் செய்த ஆய்வு 2007-இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு ரத்தச் சர்க்கரையை மெதுவாக ஏற்றும் உணவும் கூடுதல் புரதமும், இன்னொரு பிரிவினருக்கு வழக்கமான மாவுணவு. 12 வாரங்களில் இரு பிரிவினருக்குமே பரு குறைந்தது. முதல் பிரிவினருக்கு அதிகமாகக் குறைந்தது. அவர்களுக்கு எடையும் இறங்கியிருந்ததால் பலன் உணவாலா எடையாலா என்று பிரிக்க முடியவில்லை. சிறிய ஆய்வுதான். ஆனால் 12 வாரம் என்ற கணக்கை நினைவில் வையுங்கள். பத்தே நாளில் முகம் தெளியும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

நம் வீட்டுச் சாப்பாட்டில் சிக்கல் எங்கே? காலையில் இட்லி அல்லது தோசை, மதியம் சோறு, மாலையில் டீயும் பிஸ்கட்டும், இரவில் மறுபடி தோசை அல்லது சப்பாத்தி. நான்கும் மாவு. பருப்பு என்பது சாம்பாரில் மிதக்கும் அளவு. காய் என்பது தொட்டுக்கொள்ளும் அளவு. சோற்றை விட வேண்டிய அவசியம் இல்லை. அளவைத் தலைகீழாக மாற்றினால் போதும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரையும் இதேதான்: தட்டில் பாதி காய், கீரை, பழம், மீதிப் பாதியில் தானியம், பருப்பு, மற்றவை.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம். சாப்பாட்டில் முதலில் பொரியலையும் கூட்டையும் ஒரு கிண்ணம் சாப்பிட்டு முடியுங்கள், பிறகு சோறு போட்டுக்கொள்ளுங்கள். வயிறு பாதி நிறைந்தபின் போடும் சோறு தானே குறையும். இட்லி இரண்டாகக் குறைந்தால் கூடவே ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ வையுங்கள். இரவில் அடை, பெசரட்டு, கொள்ளு ரசத்தோடு கொஞ்சம் சோறு என்று பருப்பின் பக்கம் சாயுங்கள். அசைவர்களுக்கு மத்தி, சூடை, அயிலை போன்ற சிறு மீன்கள் விலையும் குறைவு, ஈரலுக்கும் நல்ல கொழுப்பு. குழம்பாக வையுங்கள், எண்ணெயில் முக்கிப் பொரிப்பது வாரத்தில் ஒருநாள் போதும்.

சிறுதானியம் பற்றி ஒரு வார்த்தை. சாமையும் வரகும் குதிரைவாலியும் நல்லவைதான். ஆனால் தீட்டி வெளுத்த சாமையைக் குழையக் காய்ச்சிக் கஞ்சியாகக் குடித்தால் அதுவும் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றத்தான் செய்யும். சோற்றுக்குப் பதில் சிறுதானியம் என்று இரண்டு மடங்கு சாப்பிடுகிறவர்களும் உண்டு. தவிடு நீங்காததை வாங்குங்கள், உதிரியாக வேகவையுங்கள், அளவு சோற்றின் அளவேதான்.

சர்க்கரை விஷயத்தில் மட்டும் கறாராக இருக்க வேண்டும். வெள்ளைச் சர்க்கரையில் பாதி குளுக்கோஸ், பாதி பிரக்டோஸ். குளுக்கோஸை உடம்பின் எல்லாத் திசுக்களும் எரிக்கும். பிரக்டோஸின் சுமை பெரும்பாலும் கல்லீரல் தலையில் விழுகிறது. மிஞ்சியது அங்கேயே கொழுப்பாக மாறுகிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் சர்க்கரை இருப்பது உத்தமம் என்கிறது. ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை 4 முதல் 5 கிராம். டம்ளருக்கு இரண்டு கரண்டி, நாளைக்கு நான்கு டம்ளர் டீ என்றால் அதிலேயே 32 முதல் 40 கிராம் ஆகிவிட்டது. 300 மில்லி கோலா ஒன்று குடித்தால் சுமார் 30 கிராம். சிலர் வெள்ளைச் சர்க்கரையை விட்டுவிட்டேன், நாட்டுச்சர்க்கரைதான் என்று பெருமையாகச் சொல்வார்கள். நாட்டுச்சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி மூன்றிலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். தேனில் குளுக்கோஸைவிடப் பிரக்டோஸ் சற்றே கூடுதல். கல்லீரலுக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. ‘ஏபிசி ஜூஸ்’ என்று ஆப்பிளையும் கேரட்டையும் பீட்ரூட்டையும் பிழிந்து குடிப்பதும் எனக்கு உடன்பாடில்லை. அதே மூன்றையும் மென்று தின்னுங்கள். நார் வயிற்றுக்குள் போகும், சர்க்கரை மெதுவாக ஏறும்.

பாலுக்கும் பருவுக்கும் தொடர்பு இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. தயிர், மோரில் அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. எல்லோரும் பாலை நிறுத்த வேண்டியதில்லை. பரு விடாமல் வருகிறவர்கள் இரண்டு மாதம் பாலை நிறுத்தி மோருக்கு மாறிப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் தொடருங்கள், தெரியாவிட்டால் பழையபடி குடியுங்கள். ஜிம்முக்குப் போகும் பிள்ளைகள் புரத மாவு குடிக்கத் தொடங்கியதும் முதுகெல்லாம் பரு வருகிறதென்றால், அந்த டப்பாவில் இருப்பது பாலின் ‘வே’ புரதம் என்பதைக் கவனியுங்கள். முட்டையும் பயறும் அந்த வேலையைச் செய்யும்.

காபி குடிக்கிறவர்களுக்கு நல்ல செய்தி. தினமும் இரண்டு மூன்று டம்ளர் காபி குடிப்பவர்களுக்குக் கல்லீரல் தழும்பு குறைவாக இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பில்டர் காபிக்காரர்கள் சந்தோஷப்படலாம், சர்க்கரையைக் கைவிட்டால். சாயங்காலம் ஆறு மணிக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். தூக்கம் கெட்டால் முகமும் கெடும்.

மது? கல்லீரலுக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை. கொழுப்புக் கல்லீரல் ஏற்கெனவே இருந்தால் முற்றிலும் நிறுத்த வேண்டும்.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘கிரேடு 1 ஃபேட்டி லிவர்’ என்று எழுதியிருப்பதை ‘எல்லாருக்கும் இருக்கிறதுதானே’ என்று மடித்து பீரோவில் வைத்துவிடுகிறோம். பலருக்கு இருக்கிறது என்பது உண்மைதான். இந்தியாவில் பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். ஆனால் அந்தக் கட்டத்தில்தான் அதைச் சுலபமாகத் திருப்ப முடியும். உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தால் ஈரல் கொழுப்பு கரையத் தொடங்கும். 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் அழற்சியும் அடங்கும். 80 கிலோ இருப்பவருக்கு 4 கிலோவில் தொடக்கம், 6 முதல் 8 கிலோவில் நல்ல பலன். எடை சரியாக இருந்தும் தொப்பை மட்டும் இருப்பவர்கள் நம்மிடையே அதிகம். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் மேல் போனால் ஒல்லி என்று ஏமாற வேண்டாம். வாரம் 150 நிமிட வேக நடை குறைந்தபட்சம். இதற்கு மூலிகையில் மாற்று கிடையாது.

கீரையாக வரட்டும், கேப்ஸ்யூலாக வேண்டாம்

இனி மூலிகை. முதலில் ஒரு பொதுவிதி: தலைமுறை தலைமுறையாகக் கூட்டாகவும் துவையலாகவும் ரசமாகவும் சாப்பிட்டு வந்தது ஒன்று, அதிலிருந்து சத்தைப் பிழிந்து பல மடங்கு செறிவாக்கி மாத்திரையில் அடைத்தது வேறொன்று. செடி ஒன்றுதான், பொருள் இரண்டு. குடம்புளியை எடுத்துக்கொள்ளுங்கள். நாஞ்சில் நாட்டிலும் கேரளத்திலும் மீன் குழம்பில் காலங்காலமாகக் கொதிக்கிறது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதே குடம்புளியின் சாற்றை உடல் எடை குறைக்கும் கேப்ஸ்யூலாக விற்றபோது கல்லீரல் பாதிப்புகள் பல நாடுகளில் பதிவாகின.

மஞ்சளும் அப்படித்தான். குழம்பில் அரைத் தேக்கரண்டி, பாலில் ஒரு சிட்டிகை, இதில் எந்த ஆபத்தும் இல்லை. மஞ்சளின் குர்குமின் உடம்பில் எளிதில் ஏறாது. மிளகில் உள்ள பைப்பரின் சேர்ந்தால் ஏறும் அளவு 20 மடங்கு வரை கூடுகிறது என்பதை பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998-இல் காட்டினார்கள். அதைப் பார்த்துவிட்டு மாத்திரைக் கம்பெனிகள் குர்குமினையும் பைப்பரினையும் சேர்த்து அடைக்கத் தொடங்கின. ஈரலுக்கு நல்லது என்று விழுங்கியவர்களில் சிலருக்கு ஈரல் வீங்கியது. இத்தாலியிலும் அமெரிக்காவிலும் மருத்துவர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். எனவே மஞ்சள் அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கட்டும். நிறத்துக்காக ஈய குரோமேட் கலக்கும் மோசடியும் இருப்பதால், கிழங்காக வாங்கி அரைத்துக்கொள்வது நல்லது. கண்ணைப் பறிக்கும் மஞ்சள் நிறத்தைத் தேடாதீர்கள்.

ஈரலுக்கான கீரை என்றால் தமிழ் மரபில் முதலிடம் கரிசலாங்கண்ணிக்கு. வள்ளலார் ஞான மூலிகை என்று போற்றியது. வெள்ளைப்பூ பூப்பது ஒன்று, மஞ்சள்பூ பூப்பது ஒன்று. சமைத்துச் சாப்பிட மஞ்சள்பூ வகை இலகுவானது; கீரைக்காரரிடம் சொல்லிவைத்தால் கொண்டுவருவார். எலிகளிடம் செய்த ஆய்வுகளில் ஈரலைக் காப்பது தெரிகிறது. மனிதர்களிடம் பெரிய ஆய்வு இல்லை. ஆனால் கீரையாகச் சாப்பிடப் பெரிய ஆய்வு தேவையா என்ன? இரும்பும் நாரும் உள்ள கீரை அது. இலை சொரசொரப்பாக இருக்கும் என்பதால் இளந்தளிராகப் பார்த்து இரண்டு கைப்பிடி எடுத்துப் பொடியாக நறுக்குங்கள். கால் டம்ளர் பாசிப்பருப்பை மஞ்சளும் நான்கு பூண்டுப் பல்லும் போட்டு முக்கால் பதம் வேகவிட்டு, கீரையைச் சேர்த்து மூடாமல் வேகவையுங்கள். தேங்காய் இரண்டு கரண்டி, சீரகம், ஒரு பச்சை மிளகாய் அரைத்து ஊற்றி, ஒரு கொதி வந்ததும் இறக்கி, நல்லெண்ணெயில் கடுகு, உளுந்து, சின்ன வெங்காயம் தாளித்துக் கொட்டுங்கள். உப்பு கடைசியில். வாரம் இரண்டு நாள் போதும்.

கீழாநெல்லியின் கதை கொஞ்சம் நீளமானது, சொல்லியாக வேண்டியது. மழை பெய்ததும் வரப்பிலும் வேலியோரத்திலும் முளைக்கும் செடி. இலை வரிசைக்குக் கீழே கடுகளவு காய்கள் தொங்கும். மஞ்சள் காமாலை என்றதும் ஊரில் இதைத்தான் அரைத்து மோரில் கொடுப்பார்கள். 1988-இல் சென்னை ஆய்வாளர் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பர்க்குடன் சேர்ந்து, ‘லான்செட்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பி வைரஸைச் சுமந்து திரிந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்தபோது 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்திருந்தது. மருந்தில்லாத வெறும் பொடி கொடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு வெவ்வேறு நாடுகளில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. இன்று ஹெபடைடிஸ் பி-க்குக் கீழாநெல்லியை மருந்தாகக் கொள்ள முடியாது.

அப்படியானால் ஊரில் அத்தனை பேருக்குக் காமாலை குணமானது எப்படி? அசுத்தத் தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ, ஈ இரண்டும் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகும். எதைக் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் சரியாகும். பெயர் கீழாநெல்லிக்குப் போனது. இதில் தவறொன்றும் இல்லை, ஒரு நிலையைத் தவிர: காமாலை பித்தக் குழாய்க் கல்லாலோ, கட்டியாலோ, மாத்திரையாலோ வந்திருந்தால் பச்சிலையை நம்பிக் கடத்தும் ஒவ்வொரு வாரமும் உயிருக்குச் செலவு. கர்ப்பிணிக்கு ஹெபடைடிஸ் ஈ வந்தால் நிலைமை மிக வேகமாக மோசமாகலாம். காமாலைக்கு முதலில் ரத்தப் பரிசோதனை, அப்புறம்தான் எதுவும். உப்பில்லாமல் எண்ணெயில்லாமல் கஞ்சி மட்டும் கொடுக்கும் பத்தியமும் வேண்டியதில்லை. குமட்டல் இருக்கும்வரை எண்ணெயைக் குறைத்தால் போதும். உடம்பு தேற இட்லி, பருப்பு, முட்டை எல்லாம் வேண்டும்.

நோயில்லாதவர் ஆசைக்கு எப்போதாவது சுண்டைக்காய் அளவு கீழாநெல்லி விழுதை மோரில் குடிப்பதைத் தடுக்க மாட்டேன். சாக்கடையோரம் பறிக்காதீர்கள், மாதக்கணக்கில் தொடராதீர்கள். சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அது சர்க்கரையை இன்னும் இறக்கக்கூடும்.

நெல்லிக்காய் தினம் ஒன்று. பச்சடியாக, துவையலாக, அப்படியே மென்று, எப்படியும் சாப்பிடலாம். தேனில் ஊறியதை மட்டும் விடுங்கள், அது மிட்டாய். மணத்தக்காளிக் கீரையும் வற்றலும், பாகற்காய் பொரியல் (வெல்லம் போடாமல்), சுண்டைக்காய், வேப்பம்பூ ரசம், கறிவேப்பிலைத் துவையல் இவை வாரச் சமையலில் சுற்றி வரட்டும். கசப்பு ஈரலைக் கழுவும் என்பதற்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன். கசப்பு இருக்கும் தட்டில் காயும் கீரையும் கூடுகிறது, சோறு குறைகிறது. அந்த லாபம் நிச்சயம்.

வேண்டாம் என்று சொல்ல வேண்டியவையும் சில உண்டு. கொரோனா நாட்களில் எதிர்ப்புச் சக்திக்கு என்று சீந்தில் கொடியைக் கஷாயமாகவும் மாத்திரையாகவும் பலர் நாட்கணக்கில் குடித்தார்கள். மும்பை மருத்துவர்கள் 2021-இல் ஆறு பேரின் கல்லீரல் பாதிப்பைப் பதிவு செய்தார்கள். அடுத்து வேறு ஊர்களிலிருந்தும் இதே போன்ற பதிவுகள் வந்தன. ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது, செடியே மாறியிருக்கலாம் என்றது. செடி மாறினாலும் மாறாவிட்டாலும் பாதிக்கப்படுவது குடித்தவரின் ஈரல்தான். தைராய்டு அழற்சி போன்ற தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்கள் சீந்தில் பக்கமே போக வேண்டாம். அமுக்கரா (அஸ்வகந்தா) மாத்திரை, கிரீன் டீ சத்து கேப்ஸ்யூல் இரண்டிலும் இதே புகார் உண்டு. கிரீன் டீயை டீயாகக் குடிப்பதில் பயமில்லை. பற்பம், செந்தூரம் போன்ற உலோக மருந்துகளை முகப்பொலிவுக்காக யாராவது காகிதத்தில் மடித்துக் கொடுத்தால், என்ன சேர்ந்தது என்று லேபிள் இல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

இன்னொன்று, வாட்ஸ்அப்பில் சுற்றுவது: இரவில் ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் காலையில் ஈரல் கல் பச்சையாக வெளியே வரும். வரும், உண்மைதான். அது கல்லல்ல. குடித்த எண்ணெய் குடலில் உறைந்து உருவான சோப்புக் கட்டி. உண்மையான பித்தப்பைக் கல் உள்ளவர் இதைச் செய்தால் கல் நகர்ந்து குழாயை அடைக்கலாம்.

மருந்தோடு மூலிகை

இந்த உணவு மாற்றத்தை 12 வாரம் செய்தும் பரு குறையவில்லை, குழி விழுகிறது, வலிக்கிறது என்றால் தோல் மருத்துவரிடம் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பருவுக்குப் பரம்பரையும் வயதும் பெரிய காரணங்கள். ஒல்லியாக, கீரையும் மீனும் சாப்பிடும் பிள்ளைக்கும் வரும். முகத்தில் போட்டுக்கொண்ட ஸ்டீராய்டு க்ரீமாலும் வரும்.

மருத்துவர் ஐசோட்ரெட்டினாயின் எழுதினால் அதற்குமுன் ஈரல் பரிசோதனையும் கொழுப்புப் பரிசோதனையும் எடுக்கச் சொல்வார். அந்த மாத்திரை கல்லீரலைத் தொடுவது. கூடவே மூலிகைக் கேப்ஸ்யூலோ வைட்டமின் ஏ மாத்திரையோ மதுவோ சேரக்கூடாது. சாப்பிடும் காலத்திலும் நிறுத்திய பின் ஒரு மாதமும் கர்ப்பம் தரிக்கவே கூடாது. கருவுக்கு நேரும் ஊனம் கடுமையானது. டாக்ஸிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் எழுதினாலும் என்ன கஷாயம் குடிக்கிறீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ‘மூலிகைதானே’ என்று மறைக்காதீர்கள்.

கல்லீரல் உண்மையிலேயே பழுதுபடும்போது தோலில் காட்டும் அடையாளங்கள் பருவைப் போல இருக்காது. கண்ணின் வெள்ளை மஞ்சளாகும், சிறுநீர் தேன் நிறமாகும். தடிப்போ பொரியோ இல்லாமல் உடம்பெங்கும் அரிக்கும், இரவில் கூடும். மார்பிலும் தோளிலும் சிலந்தி விரித்த கால்களைப் போலச் சிவப்பு ரத்தக்குழாய்க் கோலங்கள் தெரியும். உள்ளங்கை சிவக்கும், லேசாக இடித்தாலே கன்றிப்போகும், கால் வீங்கும். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் இந்த அத்தியாயத்தில் உள்ள எந்தக் கூட்டும் ரசமும் போதாது. ரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் அந்த வாரமே செய்யுங்கள். கர்ப்பிணிக்குக் கடைசி மூன்று மாதங்களில் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரித்தால் ‘பிள்ளைச்சூடு’ என்று சந்தனம் தடவிக் காத்திருக்க வேண்டாம். பித்தநீர் தேங்குவதால் வரும் அரிப்பாக இருந்தால் வயிற்றுக் குழந்தைக்கு ஆபத்து. அன்றைக்கே பிரசவ மருத்துவரைப் பாருங்கள்.